பார்மட் செய்யும் முன் பிழைச் செய்தியைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மை அதிகம் பயமுறுத்துவது, திடீரென்று திரை முழுவதும் நீலமாகி, ஆங்கிலத்தில் சில வரிகள் தோன்றுவதுதான். (விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் 2025 முதல் இது கறுப்புத் திரையாக வருகிறது.) பலர் அதைப் படிக்காமலேயே பவர் பட்டனை அழுத்தி நிறுத்தி விடுகிறார்கள். பிறகு சரி செய்ய வருபவரிடம் "என்னவோ வந்தது, போய்விட்டது" என்கிறார்கள். அவரும் "பார்மட் செய்துவிடலாம்" என்கிறார். பைல்கள் பறிபோவது இங்கேதான்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் என் மைத்துனருக்கு இதுதான் நடக்க இருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அழைத்தார். "மச்சான், பார்மட் போட்டாத்தான் ஓடுமாம். மூணு வருஷத்துப் பாக்கிக் கணக்கு இதுலதான் இருக்கு" என்றார். பேக்கப் எடுத்து வைக்கவில்லை. "எதையும் தொடாதீங்க, திரையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன்.

போட்டோவில் ஸ்டாப் கோட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று இருந்தது. பழைய விண்டோஸில் இதே பிழை 7பி என்ற எண்ணாக வரும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை விண்டோஸால் அணுக முடியவில்லை என்பது பொருள். டிஸ்க் கெட்டிருக்கலாம்; கேபிள் தளர்ந்திருக்கலாம்; செட்டிங் மாறியிருக்கலாம்.

நேரில் போய் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் கீயை அழுத்தி பயாஸ் திரையைத் திறந்தேன். தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. காரணம் புரிந்துவிட்டது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தது. அது தீர்ந்த கம்ப்யூட்டருக்கு மின்சாரமும் நின்றால், தேதியோடு மற்ற செட்டிங்குகளும் பழைய நிலைக்குப் போய்விடலாம். இங்கே டிஸ்க்குக்கான சாட்டா மோட் மாறியிருந்தது. அதை மீண்டும் ஏஹெச்சிஐ என்று அமைத்து, பேட்டரியை மாற்றியதும் விண்டோஸ் வழக்கம்போல் திறந்தது. பாக்கிக் கணக்கில் ஒரு வரிகூடப் போகவில்லை.

எண்ணைப் படிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும்போதே, அப்டேட் அல்லது காப்பி செய்கையில் வரும் பிழைகள் வேறு வகை. இவற்றில் 0எக்ஸ்80070070 போன்ற நீளமான எண் இருக்கும். 0எக்ஸ் என்றால், அடுத்து வருவது பதினாறின் அடிப்படையிலான எண் என்று அறிவிப்பு. 8007 என்று தொடங்கினால் கடைசி நான்கு இடங்களைப் பாருங்கள். இங்கே அது 70. கால்குலேட்டரில் புரோகிராமர் பிரிவுக்குச் சென்று, ஹெக்ஸ் தேர்ந்தெடுத்து 70 கொடுத்தால், டெசிமலில் 112 என்று காட்டும்.

இனி கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் நெட் என்று டைப் செய்து ஓர் இடைவெளி விடுங்கள். அடுத்து ஹெல்ப் என்ற சொல்லுடன் எம், எஸ், ஜி எழுத்துகளைச் சேர்த்து எழுதி, மீண்டும் இடைவெளி விட்டு 112 கொடுத்து என்டர் தட்டுங்கள். டிஸ்க்கில் போதிய இடமில்லை என்று விண்டோஸே சொல்லும். இதே வழியில் 80070005 என்றால் 5, அதாவது அனுமதி மறுக்கப்பட்டது. 80070002 என்றால் 2, பைல் கிடைக்கவில்லை.

இடம் போதவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் சென்று டெம்பரரி பைல்களை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்பதும் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்; இல்லையேல் நீங்கள் இறக்கி வைத்த பைல்களும் போய்விடும்.

85 லட்சம் கம்ப்யூட்டர்கள்

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றுக்கும் பார்மட் தேவைப்படவில்லை. சேப் மோடில் நுழைந்து, பிழையான அந்த ஒரு பைலை நீக்கியதும் பழையபடி இயங்கின.

நீங்கள் செய்ய வேண்டியவை

* திரையில் பிழை வந்தால் முதலில் போட்டோ எடுங்கள். எண், பெயர், பைல் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும்.

* கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள்: புதிய பிரிண்டரா, அப்டேட்டா, மின்தடையா?

* பயாஸில் எதையும் மாற்றும் முன் அந்தத் திரையையும் போட்டோ எடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால், மாற்றிய பின் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அதை முன்பே எழுதி வையுங்கள்.

* பிழைச் செய்தியில் போன் நம்பர் இருந்தால் அது மோசடி. மைக்ரோசாப்ட் தன் பிழைச் செய்திகளில் போன் நம்பர் தருவதில்லை.

டிஸ்க்கே கெட்டுப்போனால் எந்த எண்ணும் உதவாது. எனவே முக்கியமான பைல்களை வாரம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள். என் மைத்துனர் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கடை மூடும் முன் அதைச் செய்கிறார்.