குதிரையின் வயிற்றுப்புண்ணும் பத்தியமும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பிரயாணி மார்க்கோ போலோ, இந்நாட்டு முத்தையும் செல்வத்தையும் வியந்து எழுதியதோடு நில்லாமல், அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்த குதிரைகளுக்கு இங்கே நேர்ந்த கதியையும் எழுதிவைத்திருக்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய அக்குதிரைகளுள் பெரும்பாலானவை ஓராண்டு நிறையுமுன் மாண்டன என்றும், அவற்றைப் பேணும் முறை அறிந்தவர் இங்கே இல்லை என்றும், சோற்றுடன் இறைச்சியைச் சேர்த்து வேகவைத்து அவற்றிற்குத் தீனியாக இட்டனர் என்றும் அவர் கூறுகிறார். இதில் மிகை எவ்வளவு, நம் நாட்டு வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்பனவற்றைச் சரித்திர ஆசிரியர்கள் ஆராயட்டும். புல்லுக்கென்றே அமைந்த வயிற்றில் மனிதன் தன் மனம்போல எதையெதையோ நிரப்பினால் அந்த ஜீவன் நலிந்துவிடும் என்ற செய்தி மட்டும், இன்றைய கால்நடை மருத்துவத்திற்கும் முழுதும் உடன்பாடானது. பந்தய லாயங்களில் இன்று மிகச் சாதாரணமாகக் காணப்படும் இரைப்பைப் புண் என்னும் நோய், அந்தப் பழைய பிழையின் புதிய உருவமே என்பது என் கருத்து.

குதிரையின் உடல் பெரிது, இரைப்பையோ சிறிது. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும் மாட்டின் சுபாவம் வேறு. சிறுகச் சிறுகக் கடித்து, நாளின் மூன்றில் இரண்டு பங்கு நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும் குதிரையின் சுபாவம் வேறு. அதற்கு ஏற்பவே அதன் இரைப்பையில் அமிலம், தின்றாலும் தின்னாவிட்டாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த அமிலத்தின் கடுமையைத் தணிக்க இயற்கை வைத்த உபாயம் உமிழ்நீர். நாளொன்றுக்கு 35 லிட்டர் அளவுக்கு ஊறக்கூடிய அந்த உமிழ்நீரில் காரத்தன்மையுள்ள உப்புகள் இருப்பதால் அமிலம் அடங்குகிறது. ஆனால் நம் வாயில் உணவை நினைத்த மாத்திரத்தில் ஊறுவதைப்போல் குதிரையின் வாயில் ஊறுவதில்லை; பல் அசைந்து மெல்லும்போதுதான் ஊறும். மெல்லுதல் நின்றால் உமிழ்நீர் நிற்கும், அமிலமோ நிற்பதில்லை. இந்த ஒரு சூட்சுமத்தை அறிந்தவருக்கு நோயின் வரலாறு பாதி விளங்கிவிடும்.

மற்றப் பாதி இரைப்பையின் உட்சுவரில் இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதி அமிலத்தைச் சுரப்பதும், வழவழப்பான சளிப் படலத்தால் தன்னைத் தானே காத்துக்கொள்வதும் ஆகும். மேலேயுள்ள ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அத்தகைய காப்பு ஏதுமில்லை. உணவுக்குழாயின் தோலைப்போல வெளிறி, அமிலம் பட்டால் வெந்துபோகும் இயல்புடையது. மேய்ந்த புல்லும் நாரும் இரைப்பையில் ஒரு மெத்தைபோல் மிதந்துகொண்டிருக்கும்வரை கீழேயுள்ள அமிலம் மேலே தெறிப்பதில்லை. வெறும் வயிற்றோடு குதிரையை ஓட்டும்போது, வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையை நெருக்க, அமிலம் மேலெழும்பிக் காப்பற்ற அந்தத் தோலை நனைக்கிறது. நாள்தோறும் அதிகாலையில் இது நிகழ்ந்தால் ஒரு வாரத்திற்குள்ளேயே புண் தோன்றிவிடக்கூடும். பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளைச் சோதித்த பல ஆய்வுகளில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றின் இரைப்பையில் புண் காணப்பட்டிருப்பதில் வியப்பொன்றுமில்லை.

குதிரை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கொள்ளு. கொள்ளோ ஓட்ஸோ தானாகக் கெடுதல் செய்வதன்று; புல்லைக் குறைத்து அந்த இடத்தில் தானியத்தை ஏற்றுவதே கெடுதல். தானியத்தைக் குதிரை விரைவில் மென்று விழுங்கிவிடுவதால் உமிழ்நீர் குறைவாக ஊறுகிறது. அதிலுள்ள மாப்பொருள் இரைப்பையிலேயே புளித்து, அமிலத்தோடு சேர்ந்து உட்சுவரை அரிக்கிறது. இதனோடு, நாள் முழுதும் தனிக்கொட்டடியில் அடைபட்டிருத்தல், நெடுந்தூரம் வண்டியில் ஏற்றிச் செல்லப்படுதல், கால்வலிக்கென்று நாட்கணக்கில் கொடுக்கப்படும் வலிநிவாரணி மருந்துகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

மனிதனுடைய வயிற்றுப்புண்ணின் வரலாற்றைப் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் ஒரு பாக்டீரியாவைத் தாமே குடித்துத் தம் இரைப்பையை அழற்சிக்கு உள்ளாக்கிக் காட்டியதும், அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்ததும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அக்கிருமியை ஒழித்தால் பலருடைய புண் ஆறிவிடும் என்பதும் இன்று அனைவரும் அறிந்தவை. குதிரையிலோ அவ்வாறொரு கிருமியே காரணம் என்பது நிரூபணமாகவில்லை. ஆகவே கிருமிக்கொல்லி மருந்தை வாங்கிக் கொடுத்துப் புண்ணை ஆற்றிவிடலாம் என்று எண்ணுவது குதிரையைப் பொறுத்தவரை வீண்.

நோயின் லட்சணங்கள் ஆரவாரமில்லாதவை. புண்ணுள்ள குதிரை, தொட்டியிலிட்ட தானியத்தை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தலையை உயர்த்திக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் தொங்கும் உலர்புல்லை மட்டும் மெல்ல இழுத்துத் தின்னும். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வரும். ரோமம் மங்கும், விலா தெரியும், தீனிக்குப்பின் முன்காலால் தரையைப் பிராண்டும், விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஓட்டத்தில் சோர்வு காட்டும்போது எஜமானன் அதைச் சோம்பேறி என்று ஏசுவதும் உண்டு. குட்டியாக இருந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும், எச்சில் வடிக்கும், மல்லாந்து படுக்கும். குட்டியிடம் இவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது, ஏனெனில் இரைப்பை துளைபட்டு இறக்க நேரிடும். இந்த லட்சணங்களையெல்லாம் முதலில் காண்பவன் மருத்துவன் அல்லன். விடியுமுன் எழுந்து தீனித் தொட்டியைப் பார்க்கும் லாயக்காரனே. தொட்டியில் எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று அவன் சொல்லும் ஒரு சொல்லுக்கு நான் பெருமதிப்பு வைப்பேன்.

ஆனாலும் இவற்றுள் எதுவும் புண்ணுக்கே உரிய தனி அடையாளமன்று. உள்ளே பார்த்தாலன்றி உறுதி சொல்ல இயலாது. பன்னிரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் தீனியை நிறுத்தி, இலேசாக மயக்க மருந்து கொடுத்து, ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள உள்நோக்குக் குழாயை மூக்குத்துளை வழியே செலுத்துகிறார்கள். இரைப்பைக்குள் காற்று ஊதப்பட்டு அது விரிந்ததும், திரையில் மேலே வெண்மையும் கீழே ரோஜா நிறமும் தெரிகின்றன. இரண்டையும் பிரிக்கும் வரப்பு போன்ற மடிப்பை ஒட்டித்தான் பெரும்பாலும் புண்கள் அமைந்திருக்கும். மஞ்சள் படர்ந்து தடித்த தோல், சிவந்த சிறு குழிகள், ரத்தம் கசியும் ஆழமான பள்ளங்கள் என்று கண்டவற்றைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்துக் குறிப்பர். பிரத்தியட்சமாக அதைப் பார்த்தபின் அந்தக் குதிரையைச் சோம்பேறி என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

சிகிச்சையின் முதல் ஔஷதம் ஒமெப்ரசோல். அமிலச் சுரப்பையே அடக்கும் இம்மருந்து, குதிரைக்கென்று பசையாகத் தயாரிக்கப்பட்டு 1999-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு ஒருமுறை, 28 நாள்கள் கொடுப்பது வழக்கம். 450 கிலோ குதிரைக்கு அது 1,800 மில்லிகிராம். நம் மருந்துக் கடையில் விற்கும் 20 மில்லிகிராம் மாத்திரையில் தொண்ணூறுக்குச் சமம். அளவு மட்டுமா வேறுபாடு? பாதுகாப்பான கலவையாக இல்லாவிடில் இரைப்பையின் அமிலமே இம்மருந்தைச் சிதைத்துவிடும். ஆதலால் மனிதருக்கான மாத்திரையை உடைத்துத் தீனியில் தூவுவதில் பயனில்லை. காலையில் வெறும் வயிற்றில், கடைவாயோரம் நாவின் பின்புறத்தில் பசையைச் செலுத்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தே தீனி கொடுக்க வேண்டும். புண் கீழ்ப்பகுதியில் இருந்தால் ஆறுவதற்கு இன்னும் அதிக நாளாகும். அப்போது புண்ணின்மேல் ஒட்டிக்கொண்டு காக்கும் சுக்ரால்ஃபேட் என்ற மருந்தையும் சேர்ப்பர். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னிலும் வேகமாகச் சுரக்கக்கூடும் என்பதால், படிப்படியாகக் குறைப்பவரும் பலர்.

மருந்து புண்ணை ஆற்றும். புண்ணை உண்டாக்கிய வாழ்க்கை மாறாவிட்டால் அது சில வாரங்களில் திரும்பிவரும். பத்தியமே இங்கு பெரும்பணி. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கேனும், அதாவது 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 கிலோ உலர்புல், பல வேளையாகப் பிரித்துக் கிடைக்க வேண்டும். ஆறு மணி நேரத்திற்குமேல் வாய் சும்மா இருக்கலாகாது. சிறு கண்ணுள்ள வலைப்பையில் புல்லை அடைத்துத் தொங்கவிட்டால் குதிரை அதை நெடுநேரம் இழுத்து மென்றுகொண்டிருக்கும். நம் உழவர்கள் குதிரைமசால் என்று அழைக்கும் தீவனப் பயிர் இந்நோய்க்கு மிக நன்று. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தைத் தணிக்கின்றன. ஓட்டத்திற்கு அரை மணி முன்னதாக அதில் இரண்டு கைப்பிடி கொடுத்தால், மேலே தெறிக்கும் அமிலத்தைத் தடுக்கும் மெத்தை உருவாகிவிடும். வெறும் வைக்கோலையே போட்டு வைப்பது தவறு. தானியம் இன்றியமையாததென்றால் ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்குமேல் போகாமல் இருப்பது நலம். தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தன்னினத்தைக் கண்ணால் காணக்கூடிய இடத்தில் அதைக் கட்டுவதும், துணையில்லாத இடத்தில் ஓர் ஆட்டையாவது உடன் விடுவதும் பந்தய லாயங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம்.

நோயாளிக் குதிரையைப் பராமரிப்பவன் நாள்தோறும் சில எண்களைக் குறித்துவைக்க வேண்டும். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை, தாடையின் அடியில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி நிமிஷத்திற்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். விலாப்பக்கம் காதை வைத்தால் குடல் உருளும் ஓசை கேட்க வேண்டும். அது அடங்கிவிட்டால் அபாயம். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதை மறக்கலாகாது. மாட்டுக்குப் புகட்டுவதுபோல் மூங்கிற்குழாயால் எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி உயிரையே வாங்கிவிடும்.

பட்டினியால் எலும்பும் தோலுமான குதிரையை மீட்பது இன்னும் நிதானம் வேண்டும் செயல். இரக்க மிகுதியால் வாளி நிறையத் தானியத்தை வைப்பவர் அறியாமலே அதைக் கொன்றுவிடுகிறார். திடீரென்று சேரும் மாப்பொருளால் ரத்தத்திலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் மக்னீசியமும் சரிந்து, முதல் வாரத்திலேயே இதயம் நின்றுபோக நேரிடும். குதிரைமசால் உலர்புல்லைச் சிறு சிறு அளவாக நான்கு மணி நேரத்திற்கொருமுறை கொடுத்து, பத்து நாள்களில் படிப்படியாக உயர்த்துவதே கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டிய வழி. சதை பிடிக்கப் பல மாதங்களாகும். அந்த மாதங்களில் சவாரி கூடாது.

சந்தையிலோ கடற்கரையிலோ கல்யாண ஊர்வலத்திலோ குதிரையை வைத்துப் பிழைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குதிரை தீனியை மிச்சம் வைத்தாலோ விலாவைத் திரும்பிப் பார்த்தாலோ, கையிலிருக்கும் வலிநிவாரணியைக் கொடுத்துவிடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்; அவர் வருமுன், அது எத்தனை மணி நேரம் புல் இல்லாமல் நின்றது என்பதைக் கணக்கிட்டு வையுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.