கூரையில் சூரியப் பனல்களைப் பொருத்துதல்: காற்றும் மழையும்

சூரியக் கலம் ஒளிச்சக்தியை மின்சக்தியாக மாற்றும் விதத்தை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். இலங்கையில் 2016 ஆம் ஆண்டு 'சூரிய பல சங்கிராமய' என்னும் அரச திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் கிராமங்களிலும் கூட வீட்டுக் கூரைகளின் மேல் சூரியப் பனல்களைக் காண்கிறோம். அப்பனல்கள் அங்கே எவ்வாறு பிடித்து நிற்கின்றன என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா? மழை உள்ளே வராதிருப்பதற்காகவே கூரை இடப்படுகின்றது. பனல்களைப் பொருத்துவதற்கோ அதே கூரையின் ஊடாக இருபது, முப்பது ஆணிகளைச் செலுத்த வேண்டியுள்ளது. பனல்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பயன்தரக் கூடியவை. அத்தனை ஆண்டுகளின் மழைக்கும் அத்துளைகள் ஒழுகாதிருக்க வேண்டும்.

இங்கு விசை, அமுக்கம், மயிர்த்துளைத்தன்மை, வெப்ப விரிவு, உலோக அரிப்பு என நீங்கள் வெவ்வேறு அலகுகளில் கற்ற விடயங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வருகின்றன. எனவே இதனைக் கவனமாக வாசியுங்கள்.

பனலைக் கீழே இழுப்பது எது? மேலே தூக்குவது எது?

பனலின் நிறையைத் தாங்குவதே பொருத்திகளின் வேலை என்று பெரும்பாலான மாணவர்கள் நினைப்பர். அது பாதி உண்மையே. கூரையின் மேலாகக் காற்று வேகமாகச் செல்லும்போது அங்கு அமுக்கம் குறைகின்றது. பனலின் கீழ் புகும் காற்று அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றது. இரண்டும் சேர்ந்து பனலைத் தூக்க முயல்கின்றன.

ஒரு கணிப்பைச் செய்து பார்ப்போம். பனலின் பரப்பளவு 2 சதுர மீற்றர், திணிவு 22 கிலோகிராம் எனக் கொள்க. காற்றின் வேகம் செக்கனுக்கு 40 மீற்றர், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றர். வளியின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.2 கிலோகிராம். காற்றினால் உண்டாகும் அமுக்கத்தைப் பின்வருமாறு கணிக்கலாம் (இச்சமன்பாட்டை மனனம் செய்ய வேண்டியதில்லை):

அமுக்கம் = ½ × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம்
= ½ × 1.2 × 40 × 40
= 960 பஸ்கால்

எளிமைக்காக இவ்வமுக்கம் முழுவதும் பனலை மேல்நோக்கித் தூக்குவதாகக் கொண்டால்,

தூக்கும் விசை = 960 × 2 = 1920 நியூற்றன்
பனலின் நிறை = 22 × 10 = 220 நியூற்றன்
விளையுள் விசை = 1920 − 220 = 1700 நியூற்றன், மேல்நோக்கி.

தூக்கும் விசை பனலின் நிறையைப் போல் ஏறத்தாழ 9 மடங்காகும். ஆகவே பனல் கீழே விழாமல் தாங்குவதை விட, அது பறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதே கடினமான வேலை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கூரைகள் கழன்று பறந்ததைத்தான் முதலில் சொல்வார்கள்.

மேலும், வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதைக் கவனிக்க. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இவ்விசை நடுப்பகுதியை விட அதிகம். ஆதலால் பனல்களைக் கூரையின் விளிம்பு வரை கொண்டு செல்லாது ஓரத்தில் இடம் விட்டே பொருத்துவர்.

விசை கைமரத்துக்கு, நீர் ஓட்டின் மேலே

நான்கு பொருத்திகள் இருந்தால் மேற்கூறிய 1700 நியூற்றனும் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 425 நியூற்றன் வரும். (பனல்கள் வரிசையாக இருக்கும்போது நடுவிலுள்ள பொருத்தி இரு பனல்களின் பங்கையும் தாங்கும்.) ஓர் ஓட்டின் திணிவு 2 முதல் 3 கிலோகிராம் மட்டுமே. அது சிலாகையின் மேல் தன் நிறையினாலேயே தங்கி நிற்கின்றது. அதனைப் பிடித்துக்கொண்டு 425 நியூற்றனை எதிர்க்க முடியாது. சிலாகையும் மெல்லியது. எனவே பொருத்தி ஓட்டையும் சிலாகையையும் கடந்து கைமரத்தில் திருகப்பட வேண்டும். தகரம் அல்லது கல்நார்த் தகடு எனின், தகட்டைத் தாங்கும் குறுக்கு மரத்தில் அல்லது இரும்புச் சட்டத்தில் திருகப்பட வேண்டும்.

மரத்தில் முதலில் திருகாணியை விட ஒடுக்கமான வழித்துளை ஒன்றை இடுவது அவசியம். பழைய வீடுகளிலுள்ள பனங்கைமரங்கள் மிகவும் வைரமானவை. வழித்துளையின்றித் திருகினால் மரம் நார்வழியே பிளக்கும், அல்லது திருகாணி முறியும். பிளந்த மரத்தில் திருகாணியின் புரிகளுக்குப் பிடிமானம் இல்லை.

இனி நீருக்கு வருவோம். ஓட்டுக்கூரையை உற்றுப் பாருங்கள். எந்த இடத்திலும் பசை கிடையாது. மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் கவிந்திருப்பதாலேயே நீர் வழிந்து இறங்குகின்றது. புவியீர்ப்பு அந்த வேலையைச் செய்கின்றது. நல்ல பொருத்தலும் இதே தத்துவத்தைப் பின்பற்றும். சிலிக்கன் பசையை மட்டும் நம்பித் துளையை அடைப்பது பிழையான முறை. வெயிலிலும் கூரையின் அசைவிலும் அப்பசை சில ஆண்டுகளில் விளிம்புகளிலிருந்து விட்டுவிடும். பசை துணைக்கு இருக்கலாம், ஆனால் பசை இல்லாவிட்டாலும் நீர் உள்ளே போகாத அமைப்பாக அது இருக்க வேண்டும்.

ஓட்டுக்கூரை

கள்ளிக்கோட்டை ஓட்டுக்கூரையில் வளைந்த உலோகக் கொளுக்கி பயன்படுத்தப்படும. குறித்த இடத்தில் ஓர் ஓட்டைக் கழற்றி, கொளுக்கியின் அடிப்பகுதியைக் கைமரத்தில் இரு திருகாணிகளால் பொருத்துவர். அதன் கழுத்து கீழ் ஓட்டின் மேலாக வெளியே வரும். பின்னர் கழற்றிய ஓடு மீண்டும் வைக்கப்படும். இங்கு ஓட்டில் துளையே இடப்படுவதில்லை!

ஆனால் இரு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. கொளுக்கியின் தடிப்பினால் மேல் ஓடு சற்று உயர்ந்து நின்றால் அவ்விடைவெளியால் சாய்மழை உள்ளே அடிக்கும். இதற்காக மேல் ஓட்டின் அடிப்புறத்தைச் சிறிது அராவி இடம் கொடுக்க வேண்டும். மற்றையது, கொளுக்கி கீழ் ஓட்டில் அழுந்தி நிற்பது. நிறையோ காற்றோ அழுத்தும்போது அந்த ஓடு வெடிக்கும். எனவே இரண்டுக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி தேவை. நெருக்கமாக ஒட்டிய இரு மேற்பரப்புகளுக்கு இடையில் நீர் மயிர்த்துளைத்தன்மையினால் மேல்நோக்கியும் ஏறும் என்பதால், இவ்விடைவெளி அதற்கும் நல்லது.

தகட்டுக்கூரை

அலைவடிவத் தகடுகளில் துளையிடாமல் இயலாது. அப்படியாயின் எங்கே துளையிடுவது? நீர் பள்ளங்களின் வழியே ஓடுகின்றது. ஆகவே துளை அலையின் முகட்டில் அமைய வேண்டும். நீண்ட திருகாணி முகட்டின் ஊடாகக் கீழுள்ள மரத்தில் இறங்கும். துளையின் மேல் உலோக வாசரும் அதன் கீழ் இறப்பர் வாசரும் வரும். இறப்பர் சற்று நசுங்கித் துளையை மூடும் அளவுக்கே இறுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் இறப்பர் பிதுங்கி வெடிக்கும், தகடும் பள்ளமாகி அதில் நீர் தேங்கும். சாதாரண இறப்பர் வெயிலில் விரைவில் வெடித்துவிடும். இதற்கென உள்ள செயற்கை இறப்பர் வாசரையே இடவேண்டும்.

கல்நார்த் தகடு, அதாவது அஸ்பெஸ்ரஸ் சீற், நொறுங்கக் கூடியது. அதன் மேல் நேரடியாக மிதிக்கக்கூடாது. துளையிடும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலை அடைந்தால் பல ஆண்டுகளின் பின்னர் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். எனவே இடத்தை நனைத்து, உரிய முகமூடி அணிந்து, பயிற்சி பெற்றவர்களே இதனைச் செய்ய வேண்டும். பழைய, வெடித்த கல்நார்த் தகடுகளின் மேல் பனல் பொருத்துவதை விட, முதலில் கூரையை மாற்றிவிடுவதே எனது கருத்தில் சிக்கனமானது. பனல்கள் வந்தபின் அவற்றைக் கழற்றாமல் கூரையைத் திருத்த முடியாது.

கொங்கிறீற்றுத் தட்டையான கூரையில் துளையிடாமல் கொங்கிறீற்றுக் கட்டைகளைப் பாரமாக வைத்தும் நிறுத்தலாம். மேற்கூறிய காற்றில் ஒரு பனலுக்கு குறைந்தது 170 கிலோகிராம் தேவைப்படும். அப்பாரத்தைக் கூரை தாங்குமா என்று முன்கூட்டியே பொறியியலாளர் ஒருவரிடம் பார்க்க வேண்டும்.

வெப்பமும் உலோகமும்

பனல்களைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தின் நீளம் 6 மீற்றர் என்க. அதிகாலையில் 25 பாகை செல்சியஸ், நண்பகலில் 65 பாகை. அலுமினியம் ஒரு பாகைக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். ஆகவே விரிவு = 6000 மில்லிமீற்றர் × 0.000023 × 40 = ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர். இது ஒவ்வொரு நாளும் விரிந்து சுருங்குகின்றது. நீளமான சட்டத்தை இடைவெளியின்றி இறுக்கிப் பூட்டினால் இவ்வசைவு திருகாணிகளை இழுத்து, துளைகளைப் பெரிதாக்கும். புகையிரதப் பாதையின் தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது அரிப்பு. உலோகங்களின் தாக்கவீதத் தொடரில் அலுமினியம், நாகம், இரும்பு, செம்பு என்னும் ஒழுங்கை நினைவுபடுத்துங்கள். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புநீர் இருந்தால் அது ஒரு மின்கலமாகும். தொடரில் மேலுள்ளது அரிக்கப்படும். யாழ்ப்பாணம், மன்னார் போன்ற கரையோரங்களில் காற்றிலேயே உப்பு உண்டு. எனவே சாதாரண இரும்பு ஆணிகளைத் தவிர்த்துக் கறையில் உருக்கினாலான ஆணிகளைப் பயன்படுத்துவர். புவித்தொடுப்புக்கான செப்புக்கம்பி நாகம் பூசிய தகட்டைத் தொடவிடக்கூடாது. துளையிட்டபின் சிதறிய இரும்புத் தூளையும் கூட்டி எடுத்துவிட வேண்டும். மறந்தால் அத்தூள் துருப்பிடித்துத் தகட்டின் பூச்சையும் கெடுக்கும்.

ஒழுக்கைக் கண்டுபிடித்தல்

சீலிங்கில் ஈரக்கறை தெரிந்தால் நேர் மேலேதான் துளை என்று எண்ணவேண்டாம். உட்புகுந்த நீர் கைமரத்தின் வழியே இறங்கி வேறோரிடத்தில் சொட்டும். ஆகவே கறையிலிருந்து கூரையின் ஏற்றப் பக்கமாகத் தேட வேண்டும். குழாயால் நீர் பாய்ச்சிச் சோதிக்கும்போது கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்தத் துளை ஒழுகியது என்று பிரித்தறிய முடியாது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழைக்கு முன்னரே இச்சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

சிறு ஒழுக்கு என்று விட்டுவிட்டால் நடப்பது என்ன? திருகாணியைச் சுற்றியுள்ள மரம் ஈரத்தில் உக்குகின்றது. உக்கிய மரத்தில் புரிகளுக்குப் பிடிமானமில்லை. வெளியே பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அடுத்த பெருங்காற்றில் அந்தப் பொருத்தியே முதலில் கழலும், அதன் பங்கு விசை பக்கத்துப் பொருத்திக்குச் செல்லும். ஒழுக்கும் உறுதியும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் எனப்படுவது இதனாலேயே.

பயிற்சி வினா

மேற்கூறிய பனலின் மீது செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் காற்று வீசுகின்றது. (அ) பனலின் மீதான விளையுள் விசையைக் காண்க. (ஆ) ஒருவர் பொருத்திகளைச் சிலாகைகளில் திருகி, துளைகளைத் தகட்டின் பள்ளங்களில் இட்டுப் பசையால் மூடியுள்ளார். இதிலுள்ள மூன்று குறைகளைக் காரணத்துடன் எழுதுக. (விடை (அ): மேல்நோக்கி 860 நியூற்றன். பகுதி (ஆ) இல் குறையை மட்டும் எழுதினால் போதாது, காரணம் எழுதினாலே முழுப்புள்ளி கிடைக்கும்.)