வக்கீலுக்கு எதிராளியின் சம்மதம் வேண்டுமா?

திருச்சானூர் பத்மாவதி தாயார் கோயிலிலோ திருமலையிலோ பிரசாதக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் 'நாளை முதல் வரவேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நியாயம் கேட்டு அவர் போகும் இடத்தில் அவர் தப்பு செய்தாரா இல்லையா என்று யாரும் உடனே கேட்கமாட்டார்கள். அவர் வேலை பார்த்த இடம் சட்டப்படி ஒரு 'தொழில்'தானா, அவர் 'தொழிலாளி'தானா, அவருடைய முதலாளி தேவஸ்தானமா ஒப்பந்தக்காரரா என்பவைதான் முதல் கேள்விகள். இந்த மூன்றிலும் ஜெயித்த பிறகுதான் நீக்கியது சரியா என்ற பேச்சே வரும். முதல் கேள்விக்கு 1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஓர் அளவுகோலைத் தந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆன்மிகத் தேவைகளைத் தொழிலின் வரம்புக்கு வெளியே வைத்தார். ஆனால் பெரிய அளவில் பிரசாதமோ உணவோ தயாரிப்பதை வரம்புக்கு உள்ளேயே வைத்தார். நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லட்டு பிடிக்கும் ஊருக்கு இது அளவெடுத்துத் தைத்த வாசகம். அர்ச்சனை தொழில் ஆகாது, லட்டுக்கூடம் ஆகலாம். அப்படியானால் கூட்டிப் பெருக்குவதும் காலணி காப்பதும் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வழக்கிலும் யாராவது வாதாடித்தான் ஆகவேண்டும்.

இப்படிப்பட்ட வழக்கை நடத்த வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், வேலையை விட்டு நீக்கிய நிர்வாகத்தின் சம்மதம் தேவை என்கிறது சட்டம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 36வது பிரிவில், சமரசப் பேச்சுக்கு வக்கீலே வரக்கூடாது என்றது. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டு நீதிபதியும் அனுமதித்தால் மட்டும் வரலாம் என்றது. 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதே நிபந்தனையைத் தொடர்கிறது. நடைமுறையில் பல வழக்குகளில் இரு தரப்பும் வக்காலத்து போட்டுவிட, யாரும் ஆட்சேபிப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் அது எதிராளியின் பெருந்தன்மையால் கிடைப்பது, உரிமையாகக் கிடைப்பதல்ல. தொழிலாளியின் பக்கத்திலாவது இந்தத் தடையை நீக்கியாக வேண்டும் என்பதே என் கட்சி.

தடையைக் கொண்டுவந்தவர்களின் எண்ணம் கெட்டதல்ல. பணமுள்ள முதலாளி பெரிய பாரிஸ்டரைக் கூட்டிவருவார், தொழிலாளி திணறுவார். இரு பக்கமும் வக்கீல் இல்லாவிட்டால் சங்கத் தலைவரும் நிர்வாகியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வார்கள் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கு 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் பொய்த்தது. முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாக இருப்பவர் வக்கீலாகவும் இருந்தால், அவர் நிர்வாகி என்ற முறையில் யாருடைய சம்மதமும் இல்லாமலே ஆஜராகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் படித்த மனிதவள அதிகாரிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் கம்பெனிக்குத் தடை ஒரு தடையே இல்லை. தொழிற்சங்கத்துக்கும் இதே வழி உண்டு என்பார்கள். உண்டுதான், சங்கம் இருந்தால். 1965இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு, சங்கத்தின் ஆதரவே இல்லாமல் தனியொரு தொழிலாளி தன் நீக்கத்தை எதிர்க்க வழிசெய்தது. ஆந்திரம் 1987இல் ஒரு படி மேலே போய், அரசு பரிந்துரைக்கும் வரை காத்திராமல் அவர் நேரே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று திருத்தியது. மத்திய சட்டத்தில் அப்படியொரு வழி 2010இல்தான் வந்தது. தனியாளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, சங்கத்தை மனதில் வைத்து எழுதிய பிரதிநிதித்துவ விதியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தத் தனியாள் உள்ளே போய் என்ன நிரூபிக்க வேண்டும் என்று பார்த்தால் வக்கீலின் தேவை விளங்கும். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரை அறிவிப்பும் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்பு செய்ய முடியாது. ஆனால் 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002இல் ஹடிமணி வழக்கில் தீர்ப்பானது. அவர் தாக்கல் செய்யும் பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது. வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் இருப்பதோ நிர்வாகத்தின் பீரோவில். 2005இல் எல்லட்டி வழக்கு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கவேண்டும். கொண்டுவராவிட்டால் அந்தந்த வழக்கின் தன்மையைப் பொறுத்து அது நிர்வாகத்துக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். கேட்கவேண்டும் என்பதில்தான் வழக்கே நிற்கிறது. எந்த மாதத்துப் பதிவேடு, எந்தக் கட்டத்தில் மனு, பி.எஃப். கணக்கிலும் இ.எஸ்.ஐ. அட்டையிலும் யார் பெயர் முதலாளியாக இருக்கிறது, குறுக்கு விசாரணையில் மேற்பார்வையாளரிடம் எதைக் கேட்டு எதைக் கேட்காமல் விடுவது - இவையெல்லாம் பத்து வருடம் நீதிமன்றத்தில் நின்று படியும் தொழில். விசாரணை நீதிமன்றத்தில் கேட்காமல் விட்டதை உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய சீனியர் வந்தாலும் ஈடுகட்டுவது கடினம். ரிட் மனுவில் சாட்சியை மறுபடி அலச மாட்டார்கள்.

திருப்பதி வட்டாரத்தில் இதைவிடப் பெரிய விஷயம் ஒப்பந்தத் தொழிலாளர். கோயில் சார்ந்த துப்புரவு, விடுதிப் பராமரிப்பு போன்ற வேலைகளில் ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்க, ஆள் மாறாமல் அதே துடைப்பத்தோடு வருடக்கணக்கில் இருப்பது இந்தியா முழுவதும் உள்ள நிலை. 2001 ஆகஸ்டில் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார் என்றது. ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் அவர் முதன்மை முதலாளியின் ஆள். ஆனால் அதைச் சாட்சி பார்த்து முடிவு செய்யவேண்டியது தொழில் தீர்ப்பாயம் என்றும் சொல்லிவிட்டது. யார் மேற்பார்வை பார்த்தார், யார் விடுப்பு கொடுத்தார், கருவியும் சீருடையும் யாருடையவை என்ற சிறு சிறு உண்மைகள்தான் இங்கே தீர்ப்பாகின்றன. நாட்டின் உச்ச நீதிமன்றமே கீழ்நிலை விசாரணையின் தோளில் இந்தச் சுமையை ஏற்றிய பிறகு, அங்கே வக்கீல் வருவதற்கு எதிராளி தலையாட்டவேண்டும் என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

வேலையிடத்துக்குள் நடக்கும் உள்விசாரணையும் இதே கதைதான். ஹரியாணா அரசு எதிர் ரத்தன் சிங் என்ற 1977ஆம் ஆண்டு வழக்கில், டிக்கெட் இல்லாத பயணிகளைச் சாட்சியாக அழைக்காமலே பஸ் கண்டக்டரை நீக்கியது செல்லும் என்று தீர்ப்பானது. உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பு பொருந்தாதாம். எழுதியவர் அதே கிருஷ்ணய்யர். தலச்சேரியில் தொழிலாளருக்கும் விவசாயிக்கும் வாதாடி வளர்ந்தவரின் கையிலிருந்தே இதுவும் வந்தது என்பதால், 'நல்ல நீதிபதி பார்த்துக்கொள்வார்' என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம். நிர்வாகத்தின் சார்பில் சட்டம் தெரிந்தவர் வந்தால் ஊழியருக்கு வக்கீலை மறுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று பம்பாய் துறைமுகத்தின் நட்கர்னி வழக்கு பிறகு கொஞ்சம் ஆறுதல் தந்தது. 2013இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளிலோ புகார்க் குழுவின் முன் இரு தரப்புக்குமே வக்கீல் கிடையாது.

தடையை நீக்குவதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது வி.வி. கிரியின் நிலை. அயர்லாந்தில் சட்டம் படித்து, ரயில்வே தொழிலாளரிடையே சங்கம் வளர்த்து, 1952இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சரான கிரி, தகராறுகளைக் கட்டாயமாகத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதையே விரும்பவில்லை; பேரம் பேசும் பலம்தான் தொழிலாளியின் பாதுகாப்பு என்று நம்பினார். வழக்கு வக்கீலின் கைக்குப் போனால் சங்கம் சோம்பிவிடும் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பேரம் பேச ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழையும் ஆலை வேண்டும். ஐந்து ஒப்பந்தக்காரர்களிடையே பிரிந்து கிடக்கும் துப்புரவுப் பெண்களுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்? வக்கீல்கள் வழக்கை இழுத்தடிப்பார்கள் என்ற இன்னொரு குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சம்பளமில்லாமல் காத்திருப்பவருக்கு இழுத்தடிப்பதில் லாபமில்லை. வாய்தா வாங்கும் தரப்பு எது என்று எந்தத் தொழிலாளர் நீதிமன்ற எழுத்தரைக் கேட்டாலும் சொல்வார்.

உண்மையான சிக்கல் பணம். அமெரிக்காவில் ஊழியர் தரப்பு வக்கீல்கள், ஜெயித்தால் கிடைப்பதில் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டு வழக்கெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் வேலைத் தகராறுகளில் அந்தப் பங்குக்கு 35 சதவீதம் உச்சவரம்பு. இந்தியாவில் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. சம்பளம் நின்றுபோனவரிடம் முன்பணம் வாங்கித்தான் வக்கீல் பிழைக்கவேண்டும் என்றாகிறது. போதாததற்கு ராயலசீமையின் தொழில் தீர்ப்பாயம் அனந்தபூரில். திருப்பதியிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் 250 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். சென்னையில் 'ராவ் அண்ட் ரெட்டி' வக்கீல் அலுவலகம் கே. சந்துரு போன்றவர்களைத் தொழிலாளர் வழக்குகளில் பழக்கியது. அவர் பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்படி ஒரு பட்டறை உருவாக உயர் நீதிமன்றமும் வலுவான சங்கங்களும் உள்ள பெருநகரம் தேவைப்பட்டது. மாவட்டத் தலைநகரங்களில் இளம் வக்கீல் நிலத் தகராறுக்கும் செக் வழக்குக்கும் போய்விடுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே தடையை நீக்குவதோடு தீர்ப்பாயமும் மாதத்தில் சில நாளாவது திருப்பதியில் அமரவேண்டும். சட்டப்பணிகள் ஆணையம் தொழிலாளர் வழக்கு தெரிந்தவர்களைத் தனிப்பட்டியலாக வைத்து, சாட்சி விசாரணைக்குத் தகுந்த கட்டணம் தரவேண்டும். பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வெளிவரும் பெண்களுக்கு இதைவிட அருகிலேயே காத்திருக்கும் வேலை வேறில்லை. புதிய தொகுப்புச் சட்டம் தொழில் என்பதிலிருந்து அறப்பணி அமைப்புகளின் நிறுவனங்களை விலக்கியிருப்பதால், பிரசாதக் கூடம் எந்தப் பக்கம் என்ற பழைய வாதம் புதிதாகத் தொடங்கப்போகிறது. அதை நடத்த ஆள் வேண்டும்.

அதுவரை வேலை இழந்தவர்கள் மறக்கக்கூடாத சில விஷயங்கள் உண்டு. தகராறு எழுந்து 2 ஆண்டு தாண்டிவிட்டால் சமரச அலுவலர் அதைக் கையில் எடுக்க முடியாது. பி.எஃப். பட்டியல், இ.எஸ்.ஐ. அட்டை, நுழைவுச் சீட்டு, வங்கியில் சம்பளம் வந்த பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12வது பிரிவின்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் தொழில்துறைத் தொழிலாளிக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருகிறது. அதற்கான தொலைபேசி எண் 15100.