ஒளிரும் கிருமி: பயமா, பயனா?



கோத்தா திங்கிக்குப் போயிருக்கிறீர்களா? இரவில் படகேறி ஜொகூர் ஆற்றில் போனால், கரையோர மரங்களில் மின்மினிகள் கண்சிமிட்டும். இருட்டில் மரம் இருப்பதே தெரியாது. மின்மினி ஒளிரும்போதுதான் கிளை எங்கே போகிறது என்று புரியும். நம் மன்றத்தில் இந்த முறை பேசிய விஷயமும் ஏறக்குறைய இதுதான்.

மலேரியாக் கிருமிக்குள் வேறோர் உயிரினத்தின் மரபணுவைச் செலுத்தி, அதை ஒளிர வைத்து ஆராய்கிறார்கள் என்று சொன்னதும் ஓர் அம்மா எழுந்து நின்றார். "இருக்கிற கிருமி போதாதா தம்பி? புதுசா வேற ஒண்ணு செய்யணுமா? அது வெளியே வந்துட்டா யார் பொறுப்பு?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது.

நியாயமான கேள்வி. நான் விஞ்ஞானி அல்ல, மைக் பிடித்துக் கேள்வி கேட்பவன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணை ஏமாற்றிய கிருமி

மலேரியா நமக்குப் புதிதல்ல. சஞ்சிக்கூலிகளாக வந்த நம் முன்னோர் எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போன காய்ச்சல் அது. குளுவாங் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டி, கொய்னா மருந்தின் கசப்பை நினைத்தாலே முகத்தைச் சுளிப்பார்.

அந்தப் பழைய மலேரியாவை நம் நாடு ஏறக்குறைய விரட்டிவிட்டது. 2018-இல் உள்நாட்டில் தோன்றிய மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் அதே ஆண்டில் 4,000-க்கும் மேற்பட்டோர் குரங்கு மலேரியாவால் பாதிக்கப்பட்டார்கள். இதன் கிருமிக்குப் பிளாஸ்மோடியம் நோலேசி என்று பெயர். காட்டுக் குரங்கைக் கடித்த கொசு மனிதரைக் கடிக்கும்போது இது தொற்றுகிறது.

இது மனிதருக்கு இயற்கையாகத் தொற்றியது முதலில் தெரியவந்தது 1965-இல். பகாங் காட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் முதலில் ஒரு வகை மலேரியா என்றார்கள், பிறகு வேறு வகை என்றார்கள். கடைசியில்தான் குரங்கு மலேரியா என்று தெரிந்தது. அடுத்ததாக 1971-இல் பதிவானது நம் ஜொகூரில்தான்.

பிறகு பல ஆண்டுகள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004-இல் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர், காப்பிட் பகுதி நோயாளிகள் 208 பேரின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். அவர்களில் 120 பேருக்கு இருந்தது இந்தக் குரங்கு மலேரியா! நுண்ணோக்கியோ அதைச் சாதுவான 'மலேரியே' வகை என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சாதுக் கிருமி பெருக 72 மணி நேரம் ஆகும். நோலேசிக்கு 24 மணி நேரம் போதும். ஆளை மாற்றி நினைத்தால் உயிருக்கே ஆபத்து.

விளக்கு ஏற்றியது எப்படி?

1962-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா, ஒருவகை ஜெல்லி மீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். இதன் தொடர்ச்சியாக 2008-இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை, மின்னதிர்வு கொடுத்து மலேரியாக் கிருமிக்குள் செலுத்துகிறார்கள். பிறகு நீல ஒளியில் வைத்துப் பார்த்தால் கிருமி பச்சையாக மின்னும். இதில் கதிரியக்கம் எதுவும் இல்லை. மின்மினியின் மரபணுவையும் சில ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். எலியின் உடலில் எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்று அளந்தே, மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லிவிடலாம். அதற்காக எலியைக் கொல்ல வேண்டியதில்லை.

வெளிச்சத்தில் தெரிந்தது என்ன? கொசு கடித்ததும் கிருமி நேரே இரத்தத்துக்குள் போய்விடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2006-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் எலி மலேரியாக் கிருமியை ஒளிர வைத்துப் பார்த்தார்கள். கொசு கிருமியைத் தோலுக்குள் விட்டுச் செல்கிறது. அது அங்கே ஊர்ந்து திரிந்து, இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்து நுழைகிறது. திருடன் வாசலிலேயே சற்று நேரம் தடுமாறுகிறான் என்றால், அவனை அங்கேயே மடக்கவும் வழி தேடலாம் அல்லவா? தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு இது பெரிய செய்தி.

பகாங்கிலிருந்து லண்டனுக்கு

1965-இல் அந்த அமெரிக்கரிடமிருந்து எடுத்த கிருமியின் வழித்தோன்றல்கள் இன்னும் ஆய்வுக்கூடங்களில் வாழ்கின்றன. 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் அதை மனித இரத்த அணுக்களில் வளரப் பழக்கினார்கள், ஒளிரவும் வைத்தார்கள். 2019-இல் இன்னொரு படி போனார்கள். இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்ஸ் மலேரியாவின் கிருமியை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை. அதனால் வைவாக்ஸ் கிருமி இரத்த அணுவுக்குள் நுழைய உதவும் மரபணுவை நோலேசிக்குள் பொருத்தினார்கள். வைவாக்ஸ் தடுப்பூசிக்கான சோதனைகளை இப்போது இதில் செய்து பார்க்கலாம். நம் காட்டுக் கிருமி, உலகத்துக்கே உதவுகிறது!

அந்த அம்மாவுக்குப் பதில்

இந்தக் கிருமியால் மண்ணிலோ தண்ணீரிலோ காற்றிலோ வாழ முடியாது. இரத்த அணு வேண்டும், இல்லையென்றால் கொசுவின் உடல் வேண்டும். ஒளிர்வதால் அதற்குக் கூடுதல் வீரியம் வந்துவிடுவதும் இல்லை. அதற்காக, கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். 2010 டிசம்பரில் பெந்தோங்கில் மரபணு மாற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்களைத் திறந்துவிட்டபோது, செய்தி மக்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவே சர்ச்சையானது. வெளியே விடுவது வேறு, பூட்டிய ஆய்வுக்கூடத்துக்குள் வைத்து ஆராய்வது வேறு. இரண்டுக்கும் நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

ஆனால் நாம் அஞ்ச வேண்டியது ஆய்வுக்கூடத்தில் மின்னும் கிருமிக்கு அல்ல. காட்டோரத்தில் மின்னாமல் இருக்கிறதே, அதற்குத்தான். நோலேசிக்கு இன்னும் தடுப்பூசி கிடையாது. ஆனால் நேரத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்த நல்ல மருந்து உண்டு. செம்பனைத் தோட்டம், டுரியான் தோப்பு, மீன்பிடி, மலையேற்றம் என்று காட்டுப் பக்கம் போய் வந்த பிறகு காய்ச்சல் கண்டால், பெனடோல் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "காட்டுக்குப் போய் வந்தேன்" என்ற ஒரு வார்த்தையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அந்த வார்த்தைதான் வெளிச்சம்.

மீண்டும் மன்றத்தில் சந்திப்போம்.