காசில்லாக் கருவிகளோடு சி மொழி: நம் பிள்ளைகள் வீட்டிலேயே கற்கலாம்

துணி துவைக்கும் இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு, தானியங்கிக் கதவு போன்றவற்றுக்குள் ஒரு சின்னஞ்சிறு கணினி இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் அந்தச் சில்லுக்கு வேலை சொல்லும் மொழிகளில் முதன்மையானது சி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய இம்மொழி இன்றும் தொழிற்சாலைகளில் வாழ்கிறது.

பினாங்கில் 1972ஆம் ஆண்டு இன்டெல் தொழிற்சாலை தொடங்கிய காலம் முதலே நம் நாட்டில் மின்னணுத் தொழில் வளர்ந்து வருகிறது. சில்லுகளைப் பொருத்தும் வரிசையில் நம்மவர் பலர் நின்றிருக்கிறார்கள். அச்சில்லுக்கு நிரல் எழுதும் மேசைக்கும் நம் பிள்ளைகள் போக வேண்டும். அதற்கான முதல் படிக்குப் பெரிய செலவில்லை. பழைய மடிக்கணினியும் ஓர் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையும் போதும்.

இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் பிறந்தது ஆர்டுயினோ. ஊனோ ஆர்3 பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட் இடமும், தற்காலிக நினைவுக்கு 2 கிலோபைட் இடமும் உண்டு. பலகையில் அது 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது.

பலர் ஆர்டுயினோவின் ஆயத்தக் கட்டளைகளோடு நின்றுவிடுகிறார்கள். தொடக்கத்திற்கு அது நல்லதே. ஆனால் சில்லின் உள்ளே நடப்பதை அறிய நேரடியாக சி மொழியில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மூன்று கருவிகள் தேவை. ஏவிஆர்-ஜிசிசி, சி நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும். ஏவிஆர்-லிப்சி, ஆயத்த நிரல் தொகுப்பு. ஏவிஆர்டியூட், முடிந்த நிரலை யுஎஸ்பி கம்பி வழியாகச் சில்லில் ஏற்றும். மூன்றுமே கட்டற்ற மென்பொருள்கள். ஒருமுறை பதிவிறக்கம் செய்தால் போதும். பிறகு இணைய வசதி குறைந்த தோட்டப்புறத்திலும் வேலை செய்யலாம்.

முதல் பயிற்சி விளக்கைச் சிமிட்ட வைப்பது. பலகையின் 13ஆம் முனை, சில்லில் பி வரிசையின் 5ஆம் பிட் ஆகும். டிடிஆர்பி என்ற பதிவகத்தில் அந்தப் பிட்டை 1 ஆக்கினால் அம்முனை வெளியீடாக மாறும். போர்ட்பி பதிவகத்தில் அதே பிட்டை 1 ஆக்கினால் விளக்கு எரியும். 0 ஆக்கினால் அணையும். இடையில் சற்றுக் காத்திருக்கச் சொன்னால் சிமிட்டல் கிடைத்துவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில. சில்லின் வேகம் 16,000,000 என்று நிரலின் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் கருவி அதை 1,000,000 என்று எடுத்துக்கொள்ளும். விளக்கு 16 மடங்கு விரைவாகச் சிமிட்டும். நிரலை ஏற்றும்போது இணைப்பு வேகத்தை 115200 என்று கொடுக்க வேண்டும். முனைகளில் 20 மில்லிஆம்பியருக்கு மேல் மின்சாரம் எடுக்காமலிருப்பது நலம். வெளியில் விளக்கு பொருத்தினால் 220 ஓம் மின்தடையும் சேர்க்க வேண்டும். மோட்டாரை நேரடியாக முனையில் இணைக்கவே கூடாது. வீட்டு மின்சாரத்தைப் பிள்ளைகள் தொடவும் வேண்டாம்.

சிமிட்டல் கைவந்ததும் பொத்தான், வெப்ப உணரி, செடிக்கு நீர் ஊற்றும் சிறு கருவி என்று படிப்படியாக முன்னேறலாம். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களும் பெற்றோர் சங்கங்களும் ஓரிரு பலகைகள் வாங்கி வைத்தால் பல பிள்ளைகள் மாறி மாறிப் பழகலாம்.