குடையோடு ஒரு நடை

புரட்டாசி பிறந்தால் திருவள்ளூர் பக்கம் குடைகள் வரும். மழைக்கு அல்ல, ஏழுமலையானுக்கு! சென்னை பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலில் புறப்படும் திருக்குடைகள், யானைக்கவுனி தாண்டி, வில்லிவாக்கம், திருமுல்லைவாயில், திருவள்ளூர் வழியாகத் திருமலை போகின்றன. பிரம்மோற்சவக் கருட சேவைக்கு முன் அவை அங்கே சேர வேண்டும். திருச்சானூர்த் தாயாருக்கும் குடை உண்டு.

குடை ஒருபக்கம் இருக்கட்டும். மாலை போட்டுத் திருப்பதிக்குக் கால்நடையாகவே போகிறவர்களையும் இதே திருவள்ளூர்ச் சாலையில் பார்க்கலாம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். விடியுமுன் நடந்து, உச்சி வெயிலில் ஒதுங்குகிறார்கள். தார்ச்சாலைச் சூடு அப்படி. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளைச் சேவித்து, கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுத் தொடர்கிறவர்களும் உண்டு. லாரிகள் விரையும் சாலை இது. ஓட்டுநர்களே, ஓரத்தில் கோவிந்தா சத்தம் கேட்டால் கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள்.