உஷார்! கடையில் சாதுவாக நிற்கிற குட்டி, வீட்டில் மற்றதையெல்லாம் விழுங்கும்

பிள்ளை கேட்கிறான் என்று மன்னார் ரவுனுக்கு மீன் தொட்டி வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

சிலாவத்துறைப் பக்கம் ஒரு வீடு. பேர் வேண்டாம். நோன்புப் பெருநாளுக்கு வாப்பா மகனுக்கு இரண்டடித் தொட்டி வாங்கிக் கொடுத்தார். அதற்குள் பத்துக் கப்பி, இரண்டு கோல்ட் ஃபிஷ், நாலு டைகர் பார்ப், ஓர் ஏஞ்சல். கூடவே கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளும் தீற்றிய ஒரு குட்டி மீன். சுண்டுவிரல் நீளம்தான். "இது என்ன மீன்?" என்று கேட்டார். "ஒஸ்கார்" என்றான் கடைப் பையன். எவ்வளவு வளரும் என்று இவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

முதல் கிழமையிலேயே ஏஞ்சலின் நீளச் செட்டை பிய்ந்து தொங்கியது. கப்பிகளின் வால் கந்தலானது. அது டைகர் பார்ப்பின் வேலை. பிறகு கப்பிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. பூனைதான் என்று உம்மா தொட்டியை மூடி, மேலே கல்லும் வைத்தார். அடுத்த நாள் காலையில் இன்னும் இரண்டைக் காணோம். ஒரு இரவு தண்ணீர் குடிக்க எழும்பிய பையன் லைட்டைப் போட்டான். ஒஸ்காரின் வாய்க்கு வெளியே ஒரு நீல வால். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

ஒஸ்கார் ஓரடி வரை வளரும். வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு இரைதான்.

சில மாதத்தில் தொட்டியில் மிஞ்சியது உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த அந்த ஒஸ்கார் ஒன்று மட்டும். தொட்டி போதவில்லை. அதை வாளியில் பிடித்துக்கொண்டு வாப்பா குளத்துக்குக் கிளம்பினார். வாசலில் அண்டை வீட்டுக்காரர் மறித்ததால் திரும்பினார். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த வாளிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"கடையில் எல்லாம் ஒரே தொட்டியில்தானே நின்றன?" என்பீர்கள். நின்றன. எல்லாமே குஞ்சு. இடம் பிடித்துச் சண்டை போடும் வயது இன்னும் வரவில்லை. நெருக்கத்தில் எந்த மீனுக்கும் சொந்த மூலை கிடையாது. அதோடு சில நாளில் விற்றுப் போகிற சரக்கு அது. கடைத் தொட்டி ஒரு பஸ் நிலையம். உங்கள் தொட்டிதான் வீடு. சண்டை வீட்டுக்கு வந்த பிறகுதான்.

ஃபைட்டர் மீன் இன்னொரு பொறி. இரண்டு ஆண் ஃபைட்டரை ஒரே தொட்டியில் விடவே கூடாது; ஒன்று சாகும்வரை கடிக்கும். பலருக்கும் தெரியாதது அடுத்தது: பெரிய வால் கப்பியையும் அது இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும். ஏஞ்சல் சின்னதில் அழகு, வளர்ந்தால் கப்பிக் குஞ்சும் நியோன் டெட்ராவும் அதற்குத் தீனி. "அதிர்ஷ்டம்" என்று விற்கிற ஃப்ளவர் ஹோர்ன் தனியே இருக்கவேண்டிய மீன், துணை போட்டால் துணை செத்தது. "ஷார்க்" என்று சொல்லிக் கொடுக்கிற வெள்ளிக் குட்டிகள் பல, உண்மையில் பங்காசியஸ் கெளிறு. அது ஒரு மீற்றருக்கு மேல் வளரும் ஆற்று மீன். உங்கள் இரண்டடித் தொட்டிக்கா?

"கிளீனர்" மீனையும் நம்பாதீர்கள். பாசி தின்னும், தொட்டி சுத்தமாகும் என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். அது ஒன்றரை அடி வரை போகும். பசி வந்தால் கோல்ட் ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டி அதன் வழுவழுப்பையே உறிஞ்சும். அந்தப் படலம் போனால் புண். புண் வந்தால் பூஞ்சணம்.

கோல்ட் ஃபிஷ்ஷையும் கப்பியையும் சேர்க்காதீர்கள். கோல்ட் ஃபிஷ் குளிர் தண்ணீர் மீன். நம் பக்கத்து வெயிலில் தொட்டித் தண்ணீர் முப்பது பாகை தாண்டும். சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் குறையும். அது கழிவும் அதிகம் போடும், கழிவு அமோனியா ஆகும். அமோனியா கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே மீன் மிதக்கும்.

இங்கே முசலியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் கடினத் தண்ணீர். கடலோரமாகப் போகப் போக உவர். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? சவர்க்காரம் லேசில் நுரைக்கவில்லையா? அப்படியானால் அமேசன் காட்டு மென்தண்ணீரிலிருந்து வந்த நியோன் டெட்ராவையும் டிஸ்கஸையும் ஆசைப்பட்டு வாங்காதீர்கள். கப்பி, மோலி, பிளாட்டி, சோட்டேல், இந்த நாலும் நம் தண்ணீருக்கு ஒத்துப் போகும், ஒன்றோடொன்றும் ஒத்துப் போகும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் பெண்ணைத் துரத்தியே கொல்லும். குட்டி போடும், நிறையப் போடும். அதையும் யோசித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரோ பவுசர் தண்ணீரோ என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். குளோரின் பொல்லாதது.

பிள்ளைகள் குளத்தில் அள்ளி வருவதையும் பாருங்கள். மாரி காலத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாகக் கொதிக்கிற குஞ்சுகளைக் கண்டு "கலர் மீன்" என்று போத்தலில் பிடித்து வருவார்கள். அது விரால் குஞ்சு! வளர வளர நிறம் போய்விடும், பல் வரும், தொட்டி காலியாகும்.

எப்போது பதற வேண்டும்? ஒரு மீன் எந்நேரமும் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்தால். தீனி போட்டும் ஒன்று மட்டும் வராவிட்டால். ஒரு மூலையை ஒருவன் காவல் காத்து மற்றவர்களை விரட்டினால். செட்டை கிழிந்தால். காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் தண்ணீர் கெட்டுவிட்டது. உடனே காற்பங்கு மாற்றுங்கள். கரண்ட் போனாலும் அதே ஆபத்துத்தான். கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். உடம்பில் வெள்ளைப் புள்ளி கண்டால் புது மீன் கொண்டுவந்த நோய். அதனால்தான் புது மீனை இரண்டு கிழமை வேறு தொட்டியில் வைக்கச் சொல்கிறோம். எண்ணிக்கை குறைந்தால் பூனையைத் திட்டாதீர்கள். தொட்டிக்குள் பாருங்கள்.

இனி அந்த வாளி. பாவம், கொல்ல மனமில்லை, குளத்தில் விட்டால் பிழைத்துப் போகும் என்று நினைக்கிறோம். பிழைக்கும். அதுதான் வினை. கொழும்புக்குப் பக்கத்துப் பெல்லன்வில அத்திடிய சதுப்பில் இன்று நீந்தும் கத்தி மீனும் அலங்கார மீனாக வந்து வெளியே போனதன் வம்சம்தான். குருநாகல் பக்கத்தில் தெதுறு ஓயா நீர்த்தேக்க மீனவர்கள் 2025 இல் புலம்பியது கேட்டிருப்பீர்கள்: வெளிநாட்டுப் பெரிய விரால் ஒன்று பெருகி, சின்ன மீனையும் இறாலையும் தின்று தீர்க்கிறது. அலங்கார மீனாக வந்து, தொட்டி போதாமல் விடப்பட்டது என்றே சந்தேகிக்கிறார்கள். பிரானா, கத்தி மீன், அலிகேட்டர் கார் போன்றவற்றை வளர்ப்பதையும் விற்பதையும் அரசாங்கம் வர்த்தமானியில் தடைசெய்தது சும்மா இல்லை.

நம் பக்கம் யோசியுங்கள். அருவியாறு அனுராதபுரத்துப் பக்கமிருந்து வந்து அரிப்பில் கடலைத் தொடுகிறது. அகத்திமுறிப்புக் குளம் வயலுக்குத் தண்ணீர் தருகிறது. தெற்கே வில்பத்துக் காடும் அதன் வில்லு எனும் நீர்நிலைகளும். மாரியில் குளங்கள் வான் பாயும்போது ஒரு குளத்து மீன் அடுத்த வாய்க்காலில் இருக்கும். நன்னீர் மீன் பிடித்துக் குடும்பம் நடத்துகிற வீடுகள் இங்கே இருக்கின்றன.

ஆகவே கடைக்காரரிடம் மூன்றைக் கேட்காமல் காசை நீட்டாதீர்கள்: எவ்வளவு வளரும், யாரோடு ஒத்துப் போகும், எந்தத் தண்ணீர் வேண்டும். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிய மீன் தொட்டிக்கு அடங்காமல் போனால் திரும்பக் கடைக்கே கொடுங்கள், காசு தராவிட்டாலும் பரவாயில்லை. பெரிய தொட்டிக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். குளத்தில் மட்டும் விடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.